போர் போடும் முன் கிணற்றை அளந்து பாருங்கள்

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் ஊர் மேலக்காட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி வந்து நின்றது. கம்ப்ரசர் சத்தம் கேட்டதுமே எனக்குத் தூக்கம் போய்விட்டது. திண்ணையில் உட்கார்ந்து விடியும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். 2017ஆம் வருஷம் மார்ச்சிலும் ஏப்ரலிலும் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் மூன்று ராத்திரி தனியாக நின்றவள் நான். மூன்று லட்சத்து ஐம்பத்து நாலாயிரம் ரூபாய் போயிற்று, வட்டியைச் சேர்க்காமல். பணத்தோடு வேறு சிலதும் போயிற்று, அதையும் சொல்கிறேன். காலையில் அந்த வயல்காரரிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். ராத்திரி முழுக்க முழித்த கண்ணோடு அவர் அடுத்த போர் போடுகிற பாயிண்டைப் பற்றித்தான் பேசினார். அன்றைக்கு நானும் அப்படித்தான் இருந்தேன். எதிரே நின்று சொன்னால் காதில் ஏறாது. எழுதி வைத்தால் யாராவது நிதானமாக இருக்கும்போது படிப்பார்கள்.

எங்கள் ஊர் நாங்குநேரிக்கும் மூலைக்கரைப்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. திருநெல்வேலி ஜில்லா என்றாலே தாமிரபரணி, வருஷமெல்லாம் தண்ணீர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் அது சரி. கன்னடியன் கால், கோடகன் கால் என்று அணைக்கட்டிலிருந்து நேராக வாய்க்கால் வரும், காரும் பிசானமும் இரண்டு போகம் விளையும். எங்களுக்கு மணிமுத்தாற்றுக் கால்வாய், அதிலும் மூணாவது, நாலாவது ரீச்சு, அதாவது கால்வாயின் கடைசிப் பகுதிப் பக்கம். அணையில் தண்ணீர் இருந்து, திறந்துவிட்டு, மேலே உள்ள குளங்கள் நிறைந்து, மிச்சம் வந்தால் எங்கள் குளம் நனையும். குளம் பெருகினால் ஒரு பிசான நெல். மற்றபடி கிணறுதான். எங்களுக்கு மூன்றரை ஏக்கர். நடுவில் என் மாமனார் 1978இல் வெட்டிய கிணறு, முப்பதடிக்கு முப்பதடி, ஆழம் ஐம்பத்தைந்து. வெடி வைத்துப் பாறையைப் பிளந்த கதையை மாமா நூறு தடவை சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் டிரைவர். காட்டு வேலையும் வீடும் என் பொறுப்பு.

2016 ஆவணியில் ஒன்றரை ஏக்கரில் ஏத்தன் வாழை வைத்தேன், ஆயிரத்து முந்நூறு கட்டை. ஐப்பசியில் மழை வரும், குளம் பெருகும், கிணறு ஏறும் என்ற கணக்கு. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கவே பொய்த்துப்போனது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்தது. எங்கள் குளத்துக்கு ஒரு சொட்டு வரவில்லை. பிப்ரவரி கடைசியில் கிணற்று மோட்டார் காலையில் நாற்பது நிமிஷம் ஓடும், பிறகு காற்று வாங்கும். சாயங்காலம் போட்டால் மறுபடி நாற்பது நிமிஷம். அந்தத் தண்ணீர் இருநூறடி மண் வாய்க்காலில் போய், பாதி வாழையைக்கூட நனைக்காமல் மண்ணுக்குள் இறங்கிவிடும். கடைசி வரிசை வாழையில் மட்டை தொங்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு மாதத்தில் குலை தள்ள வேண்டிய வாழை. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. மாமா கட்டிலில் படுத்தபடியே, "எம்மா, கெணத்துல சேறு கெடக்கும், அதத் தூர் வாரிப் பாரு. அது ஊத்துக் கெணறு"ன்னு சொன்னாங்க. படுக்கையில் இருக்கிற மனுஷன், பழைய காலத்து யோசனை என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கீழ வயலில் ஒருத்தருக்கு இருநூற்று எண்பது அடியில் தண்ணீர் கிடைத்திருந்தது. எனக்கு அது போதும் என்று தோன்றியது. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தேன். வயலின் தென்மேற்கு மூலையில் தேங்காய் நட்டக்குத்தலாக எழுந்து நின்றது. மூன்று இஞ்சுத் தண்ணீர், முந்நூறு அடிக்குள் என்றார். மறுநாள் ராத்திரி வண்டி வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்து வண்டி, வேலை செய்கிற பையன்கள் எல்லாம் வடக்கத்திக்காரர்கள், நடுவில் உள்ளூர் ஏஜண்ட் ஒருத்தர். ராடு இறங்க இறங்க ஒரு பையன் வெளியே வருகிற பொடியை மண்வெட்டியால் அள்ளி வரிசையாகக் குவித்துக்கொண்டே வந்தான். முதல் இரண்டு குவியல் செம்மண். அப்புறம் மஞ்சளும் வெள்ளையுமாக உக்கிப்போன பாறை. அதற்குப் பிறகு ஒரே சாம்பல் நிறம், குவியலுக்குக் குவியல் மாற்றமே இல்லை. குனிந்து ஒரு கை அள்ளினேன். சூடாக இருந்தது. மாவு மாதிரி விரலிடுக்கில் வழிந்தது, துளி ஈரம் இல்லை.

"அண்ணாச்சி, தண்ணி தட்டுதா?"

"இன்னும் பொகதாம்மா வருது. கீழ ஓட்டம் இல்லாம இருக்காது. என்ன செய்ய? போடவா, நிறுத்தவா?"

மணி ராத்திரி ஒன்றரை. இந்த ஒரு கேள்விக்கு நீங்கள் முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில், அந்தச் சத்தத்தில், அந்தப் புழுதியில் நின்று யோசித்து யாரும் சரியான முடிவு எடுக்க முடியாது. இவ்வளவு போட்டாச்சே என்ற ஒரே நினைப்புதான் இருக்கும். மஸ்கட்டுக்குப் போன் போட்டேன், அவரும் "இன்னும் நூறு அடி பாத்துரு"ன்னார். நானூற்று இருபதில் நிறுத்தினோம். அப்போது முந்நூறு அடிவரை அடிக்கு எழுபது ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு நூறடிக்கும் பத்துப் பத்து ரூபாய் ஏறியது. மேல் மண் சரியாமல் இருக்க இறக்குகிற கேசிங் குழாய் நாற்பதடி தனி. எல்லாம் சேர்த்து நாற்பத்தேழாயிரம். இந்த ஏறுகிற கணக்கை வண்டி வருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்த வண்டியில் ஒரு ராடு இருபதடி. ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் தாளில் ஒரு கோடு போடுங்கள். நான் போடவில்லை, அவர்கள் சொன்ன அடிக்குப் பணம் கொடுத்தேன். இன்னொன்று, கிராமத்தில் போர் போட ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் வாங்கவில்லை, என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

ஒன்பதாவது நாள் இரண்டாவது போர். இந்தத் தடவை கம்பி வைத்துப் பார்க்கிறவர் வேறு இடம் குறித்தார். நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்தேன். மண் சரிந்ததால் கேசிங் அறுபதடி போட வேண்டியதாயிற்று. ஐந்நூற்று நாற்பதில் பொடி லேசாக நனைந்து வந்தது. ஈரத்தைக் கண்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஈரத்தை நம்பி அறுநூறுவரை போனேன். காலையில் பாட்டிலில் கயிறு கட்டி இறக்கிப் பார்த்தால் அரை பாட்டில் சேற்றுத் தண்ணீர். எழுபதாயிரம்.

மூன்றாவது போருக்குப் பணம் வட்டிக்கு வாங்கியது. யாரையும் பார்க்கச் சொல்லவில்லை. வடக்கு வரப்பை ஒட்டி, பக்கத்து வயல் அக்கா வீட்டுக்கு அறுபதடி தள்ளி, அவள் வீட்டுப் போரில் தண்ணீர் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அங்கே போட்டேன். முந்நூற்றுப் பத்தில் தண்ணீர் பீச்சியடித்தது. வண்டிக்காரப் பையன்கள் கை தட்டினார்கள். நான் தலையோடு நனைந்துகொண்டு நின்றேன். முந்நூற்று எண்பதில் நிறுத்தினோம், நாற்பத்திரண்டாயிரம். வி மாதிரி வெட்டிய தகட்டை மண்ணில் நட்டுத் தண்ணீரை அதன் வழியே விட்டு, "ரெண்டு இஞ்சு"ன்னார் ஏஜண்ட்.

இந்த இஞ்சுக் கணக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இந்தத் தகடு தொண்ணூறு டிகிரி வெட்டாக இருந்தால், அந்த வெட்டில் தண்ணீர் ஒரு இஞ்சு உயரத்துக்கு ஓடினால் மணிக்குச் சுமார் 500 லிட்டர். இரண்டு இஞ்சு என்றால் ஆயிரம் இல்லை, கிட்டத்தட்ட 2,900 லிட்டர். உயரம் கொஞ்சம் கூடினால் தண்ணீர் பல மடங்கு கூடும். அதனால் தகட்டில் அரை இஞ்சைக் கூட்டிச் சொன்னால் உங்கள் கணக்கு எங்கேயோ போய்விடும். அதோடு அன்று ராத்திரி பீச்சுவது பாறை வெடிப்பில் காலகாலமாகத் தேங்கிக் கிடந்த தண்ணீர், கம்ப்ரசர் காற்று தள்ளுவதால் அப்படி வருகிறது. தினமும் ஊறி வருகிற தண்ணீர் எவ்வளவு என்று அது சொல்லாது. ஒரு மோட்டாரை வாடகைக்கு எடுத்து இறக்கி, ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகுதான் மோட்டார் வாங்க வேண்டும். நான் மறுநாள் மத்தியானமே கடைக்குப் போய் ஐந்து குதிரைசக்தி சப்மெர்சிபிள், குழாய், கேபிள், பேனல் எல்லாம் வாங்கிவந்தேன். எண்பத்தைந்தாயிரம். மணிக்கு மூவாயிரம் லிட்டர்கூட ஊறாத போருக்கு அவ்வளவு பெரிய மோட்டார் எதற்கு என்று கடைக்காரரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

பதினோராவது நாள் அக்கா வெறும் குடத்தோடு வந்தாள்.

"ஏட்டி, எங்க போர்ல காத்துதான் வருது. ஒன் மோட்டாரு ஓடுத நேரத்துலதாம் இப்பிடி."

"ஊருக்கே வறட்சிக்கா. நான் என்ன செய்ய?" என்றேன்.

குடத்தை நிறைத்துக் கொடுத்தேன். அவள் போன பிறகு மோட்டாரை நிறுத்தினேன். அன்று முழுவதும் போடவில்லை. மறுநாள் காலை அவள் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் என் வரப்பு வரைக்கும் கேட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் அன்று சாயங்காலம் மறுபடி மோட்டாரைப் போட்டேன். வாழை குலை தள்ளிக்கொண்டிருந்தது. கடன் தலைக்குமேல் இருந்தது. இதெல்லாம் காரணமே தவிர நியாயம் இல்லை. மூன்று பெண் பிள்ளைகள் உள்ள வீட்டின் குடிதண்ணீரை நான் என் வாழைக்கு எடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அக்கா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

பத்தொன்பதாவது நாள் என் போரிலும் காற்றுதான். அதற்குள் வாழை இலை ஓரமெல்லாம் தீய்ந்து பழுப்பாகியிருந்தது. தண்ணீர் சவர். நாக்கில் வைத்தபோதே லேசாக உப்புக் கரித்தது, ஆனால் தண்ணீர் கிடைத்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். வாழை உப்பைத் தாங்காத பயிர். புதுத் தண்ணீரைப் பாய்ச்சும் முன் ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து மண் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள், மண்ணோடு தண்ணீரையும் பார்த்துச் சொல்வார்கள். கடைசியில் ஆயிரத்து முந்நூறு வாழையில் இருநூற்றுச் சொச்சம் தார்தான் வெட்டினோம். வெட்டுக்கூலி, வண்டிக்கூலி போக ஒன்றும் மிஞ்சவில்லை. வாழைக்குப் போட்ட முதல் மட்டும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

நாலாவது போருக்கும் நான் தயாராகத்தான் இருந்தேன். கடன் கொடுக்க ஆள் இல்லாததால் நின்றேன். வேளாண்மைப் பொறியியல் துறையில் கருவி வைத்து நிலத்தடி நீர் பார்த்துத் தருகிறார்கள், சொற்பக் கட்டணம்தான் என்று யாரோ சொன்னார்கள். எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் காத்திருந்தேன். ஒரு பொறியாளர் வந்தார். தரையில் இரும்புக் குச்சிகளை வரிசையாக அடித்து, வயர் மாட்டி, மின்சாரத்தைச் செலுத்தி, ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டார். எங்கள் வெட்டுக் கிணற்றையும் எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இந்தக் கெணறு ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறுதும்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கல்யாணம் ஆகி வந்து பதினைந்து வருஷமாக அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறேன். ஒரு நாள்கூட அளந்ததில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். நம் பக்கம் அடியில் கெட்டிப் பாறை. மேலே மண்ணும் உக்கிப்போன பாறையுமாக இருக்கிற முதல் அறுபது எண்பது அடிதான் பஞ்சு மாதிரி மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே பாறையில் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர், இல்லாவிட்டால் வெறும் கல். ஆழம் போகப் போகப் பெரும்பாலும் வெடிப்பு குறையும். ஒருத்தர் வயலில் இருக்கிற வெடிப்பு பத்தடி தள்ளி இல்லாமல் போகலாம். ஆறு மாதிரி அடியில் தண்ணீர் ஓடுகிறது என்று நாம் நினைப்பது இந்தப் பாறைக்குப் பொருந்தாது. என் சாம்பல் குவியல்கள் அன்று ராத்திரி இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. நிறம் மாறாமல், ஈரம் இல்லாமல் ஐந்தாறு குவியல் தொடர்ந்து வந்தபோதே நிறுத்தியிருக்க வேண்டும். இதே ஜில்லாவில் திசையன்விளைப் பக்கம் ஆயன்குளத்தில் 2021 மழையில் ஒரு கிணறு வெள்ளத்தை நாள்கணக்காக உள்ளே வாங்கியும் நிறையவில்லை என்று ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. சென்னை ஐஐடியிலிருந்து வந்து ஆராய்ந்தார்கள். அங்கே அடியில் சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் அரித்த வழிகள் உண்டு. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு எங்கள் ஊரில் ஒருத்தர் கிணற்றை ஆழப்படுத்தக் கிளம்பினார். கொஞ்ச தூரத்திலேயே பாறையின் குணம் மாறிவிடும். அடுத்தவன் காட்டுத் தண்ணீரை வைத்து நம் காட்டை எடை போடவே கூடாது.

பொறியாளர் போனதும் மாமா சொன்னபடி ஒரு கயிறு எடுத்தேன். நுனியில் ஒரு கல், அடிக்கு ஒரு முடிச்சு, பத்தடிக்கு ஒரு சிவப்புத் துணி. சாயங்காலம் ஆறு மணிக்குக் கிணற்றை வற்ற இறைத்துவிட்டு, கல்லை இறக்கி, எத்தனாவது முடிச்சில் கல் நனைகிறது என்று பார்த்தேன். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி. ஒன்றேகால் அடி ஏறியிருந்தது. முப்பதுக்கு முப்பது கிணற்றில் ஓரடித் தண்ணீர் தொள்ளாயிரம் கன அடி, அதாவது சுமார் 25,500 லிட்டர். ஒன்றேகால் அடிக்கு ஏறத்தாழ முப்பத்திரண்டாயிரம் லிட்டர். கடும் வறட்சியில், கோடை நடுவில், ஒரு நாளில் ஊறியது. சொட்டுநீரில் ஒரு வாழைக்கு வெயில் காலத்தில் நாளைக்கு இருபது லிட்டர் என்று வைத்தாலும் என் ஆயிரத்து முந்நூறு வாழைக்கு இருபத்தாறாயிரம் லிட்டர் போதும். அந்தக் கணக்கை நோட்டில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் அதேதான் வந்தது. என் வாழையைக் காப்பாற்றுகிற தண்ணீர் என் கிணற்றிலேயே இருந்தது. அது வாய்க்கால் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அன்று ராத்திரி மாமாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் வேகமாகச் சொல்லிவிடலாம். ஜூனில் கிணற்றைத் தூர் வாரினோம். கிரேன் வைத்து எட்டு நாள், ஏழடிச் சேறும் சரிந்த கல்லும் வெளியே வந்தது, முப்பத்தெட்டாயிரம். அடியில் நாலு பக்கமும் எண்பதடிக்கு சைடு போர், அதாவது பக்கவாட்டுப் பாறைக்குள் படுக்கையாகத் துளை, போட்டோம், இருபத்திரண்டாயிரம். நாலில் இரண்டில் தண்ணீர் வந்தது. எல்லாக் கிணற்றிலும் அப்படி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். தூர் வாருவதை மட்டும் கோடையில், தண்ணீர் அடிமட்டத்தில் இருக்கும்போது செய்யுங்கள், ஆள் கிணற்றுக்குள் இருக்கிறவரை மோட்டார் மெயினைப் பிடுங்கி வையுங்கள்.

சொட்டுநீருக்குத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து ஏக்கருக்குள் வைத்திருக்கிற சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு எழுபத்தைந்து. எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அதில் இரண்டு மாதம் பட்டா மாமனாரின் அப்பா பேரிலேயே இருந்ததால் போயிற்று. அவசரம் வருவதற்கு முன்பே பட்டாவை மாற்றி, சிட்டா, அடங்கல், நில வரைபடம், வட்டாட்சியர் தருகிற சிறு குறு விவசாயி சான்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழாய் வந்த பிறகு வேலை தீர்ந்துவிடாது. வாரம் ஒரு தடவை ஃபில்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும். அணில் குழாயைக் கடிக்கும், தினம் ஒரு நடை வரிசையோடு நடந்து பார்க்க வேண்டும். நம் பக்கம் மோட்டாருக்கு 1990 முதல் இலவச மின்சாரம், அதனால் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டேன். ராத்திரி கரண்ட் வந்ததும் தானாக ஓடி, விடிவதற்குள் கிணற்றை வற்ற வைத்துவிடும்.

இரண்டாவது போரைப் பற்றிச் சொல்ல எனக்கு நடுக்கமாக இருக்கிறது. கேசிங்கை உருவி விற்றுவிட்டு, வாயில் சாக்கைப் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்தேன். இரண்டரை வருஷம் அப்படியே கிடந்தது. 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை போருக்குள் விழுந்ததை ராத்திரி டிவியில் பார்த்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு மழை ஈரத்தில் காட்டுக்கு ஓடினேன். கல் ஒரு பக்கம் சரிந்து, சாக்கு மக்கி, ஓட்டை தெரிந்தது. அக்காவின் கடைசிப் பெண் அந்த வரப்பு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவாள். விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் ஆள் கூட்டி, கல்லும் மணலும் களிமண்ணும் போட்டு வாய்வரை நிரப்பி, மேலே கான்கிரீட் போட்டேன். செலவு நாலாயிரத்துக்குள். தண்ணீர் இல்லாத போரை வண்டி வயலை விட்டுப் போகும் முன்பே மூடுங்கள். அன்று மூடாவிட்டால் பிறகு மூட மாட்டோம், மனசு அந்தப் பக்கமே போகாது.

முதல் போரை மழைத் தண்ணீர் இறக்குவதற்கு மாற்றினேன். வயல் தண்ணீரை நேராகப் போருக்குள் விடக்கூடாது, வண்டல் அடைத்துவிடும், உரமும் மருந்தும் கீழே போய்விடும். சுற்றிலும் பத்தடிக்குப் பத்தடி, எட்டடி ஆழக் குழி. கேசிங்கில் துளைகள் போட்டு வலை சுற்றி, குழியில் அடியில் பெருங்கல், அதன்மேல் சல்லி, அதன்மேல் மணல். குழிக்கு முன்னால் வண்டல் தங்க ஒரு சின்னத் தொட்டி. கிணற்றுப் பக்கமும் அப்படி ஒன்று. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் நாற்பதாயிரம் லிட்டர். என் கிணறு அந்தக் கோடையில் ஒரு நாள் முழுக்க ஊறியதைவிட அது அதிகம். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், இந்தக் குழிகளைவிடக் குளம்தான் பெரியது. குளம் பெருகிய வருஷம் கரையைச் சுற்றி எல்லாக் கிணறும் ஏறும். எங்கள் குளத்துக்கு வருகிற வாய்க்கால் ஒன்றேகால் கிலோமீட்டர் சீமைக்கருவேலம் மூடிக் கிடந்தது. 2018இல் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு ஜேசிபி வைத்து வெட்டினோம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஒரே ராத்திரியில் குளம் மறுகால் பாய்ந்தது. எங்கள் கீழ வயலில் மணல் மேடிட்டு ஒரு பிசானம் போயிற்று. கிணறு மேலிருந்து மூன்றடியில், கையெட்டும் தூரத்தில் தளும்பியது. நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே எழுதியிருக்கிறேன்.

2018 சித்திரையில், கிணற்றிலிருந்து அக்கா வீட்டுத் தொட்டிக்கு ஒரு இஞ்சுக் குழாய் பதித்தேன். கேட்காமல்தான் செய்தேன். மூன்றாவது போரின் மோட்டாரைப் பாதி விலைக்கு விற்ற பணம் அது. தண்ணீர் விழுந்த அன்று அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்று மாதம் கழித்து ஆடிக் கொழுக்கட்டை ஒரு தட்டில் என் வீட்டுக்கு வந்தது. இப்போது காலையில் நான் கயிற்றை இறக்கும்போது நோட்டும் பேனாவும் அவள் கையில்.

மேலக்காட்டு வயல்காரருக்கு நானூற்று அறுபது அடியில் புகைதான். நேற்றுச் சாயங்காலம் அவரே வந்து, "தங்கச்சி, அந்தக் கயித்தக் கொஞ்சம் தாரியா"ன்னு கேட்டார். நானும் கூடப் போனேன். அவர் கிணறு வட்டக் கிணறு, இருபத்திரண்டடி குறுக்களவு. ஆறரை மணிக்கு இறைத்து முடித்துக் கல்லை இறக்கினோம், நாற்பத்தொன்றாவது முடிச்சில் நனைந்தது. இன்று சாயங்காலம் ஆறரைக்கு மறுபடி போய் அளக்க வேண்டும்.